நாலாம் பக்கத்தில் ஒரு பெயர்

இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க ஐயா. அந்த மூலைக்குக் கீழே ஓடற சக்கரத்துல ரெண்டு ஆரக்கால் ஆடுது. பள்ளத்துல இறங்கினா முதுகெலும்பு வரைக்கும் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கறீங்களா? நான் சக்கரம் செய்யறவன். பேரு ஜோயல் பென்ரோஸ். ஆஷ்போர்டுல பட்டறை. இருபது வருஷமா அதுதான் தொழில். இங்கிலாந்து ராஜாவோட யுத்தம் நடந்தப்போ நம்ம பீரங்கிக்கெல்லாம் சக்கரம் செஞ்சு குடுத்தவன்.

வண்டிக்காரன்கிட்ட ஏறும்போதே சொன்னேன். கேட்டானா? யாரு கேக்கறா.

கொஞ்சம் முன்னாடி அந்த அம்மாகிட்டப் பேசிட்டிருந்தீங்க. பிலடெல்பியாவுல வர்ற சனிக்கிழமை ஒருத்தனைத் தூக்குல போடறாங்க, அதையும் பார்த்துட்டுத்தான் ஊர் திரும்புவேன்னு. காதுல விழுந்துச்சு, கோவிச்சுக்காதீங்க. போய்ப் பாருங்க. வேண்டாம்னு நான் யாரு சொல்ல? ஆனா எங்க ஊர்லயும் ஒண்ணு நடந்துச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு, ஆயிரத்து எழுநூத்தி எண்பத்தஞ்சு நவம்பர். அதைக் கேட்டுட்டுப் போய்ப் பாருங்க. ஆத்தங்கரை வர்றதுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு, வேற என்ன செய்யப் போறோம்?

ஏரன் ஸ்டப்ஸ்னு ஒருத்தன். முப்பது வயசு இருக்கும். நாலு வருஷம் நம்ம படையில இருந்தவன். பனியில கால் விரல் ரெண்டு போயிருச்சு. யுத்தம் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க, இவனுக்குப் போக வீடு இல்லை. அங்க இங்க அறுவடைக்குப் போவான், வேலி கட்டுவான். செப்டம்பர்ல ஒரு நாள், பட்டப்பகல், ஆலை ரோட்டுல கேலப் மார்ஷ்ங்கற தானிய வியாபாரி குதிரையில வந்திருக்காரு. இவன் ஒரு தடியை எடுத்துக்கிட்டுக் குறுக்கே போய் நின்னிருக்கான். என்ன கேட்டான்னு நினைக்கிறீங்க? பூட்ஸ். "பூட்ஸைக் கழட்டுங்க"ன்னானாம். மார்ஷ் சட்டைப் பையில கடிகாரம் இருந்துச்சு, அதைத் தொடவே இல்லை. பூட்ஸை மாட்டிக்கிட்டுப் போயிட்டான். மறுநாளே பிடிச்சுட்டாங்க. எப்படின்னா, பூட்ஸ் அவனுக்குச் சின்னது. நொண்டிக்கிட்டே நடந்திருக்கான், பக்கத்து ஊரைக்கூடத் தாண்ட முடியலை.

சிரிக்கிறீங்க. கோர்ட்டுலயும் சிரிச்சாங்க.

வழிப்பறிக்கு அப்போ தூக்குதான். ராஜா காலத்துச் சட்டம். ராஜாவைத் துரத்தி அடிச்சோம், அவன் கயித்தை மட்டும் பத்திரமா எடுத்து வெச்சுக்கிட்டோம். இது நான் என் மனுவுல எழுதின வரி. நல்லா இருக்கில்ல?

அந்த அக்டோபர்ல கோர்ட் கூடினப்போ என்னை ஜூரிக்குக் கூப்பிட்டாங்க. பன்னெண்டு பேர். என்னைத் தலைவரா நிறுத்தினாங்க. நான் கேக்கலை, அவங்களாத்தான் நிறுத்தினாங்க, எழுதப் படிக்க நல்லாத் தெரிஞ்சவன்னு. நீதிபதி எங்ககிட்டக் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு. இந்த ஆள், பொது ரோட்டுல, பயமுறுத்தி, பொருளை எடுத்தானா? எடுத்தான். அவனே சொல்லிட்டான். குற்றம் செய்யலைன்னு சொல்லிக்க உனக்கு உரிமை இருக்குன்னு நீதிபதி எடுத்துச் சொன்னாரு, அவனும் அப்படியே சொன்னான். அப்புறம், என்ன நடந்துச்சுன்னு கேட்டதும் ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொல்லிட்டான். நாங்க என்ன செய்ய முடியும்? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னோம். நான் எழுந்து நின்னு, "குற்றவாளி"ன்னேன். அவ்வளவுதான். தூக்குன்னு நான் சொல்லலை. அதைச் சொன்னது நீதிபதி. இதை எங்க ஊர்ல யாருக்குமே பிரிச்சுப் பார்க்கத் தெரியலை.

ஆமாம், உள்ள பேசிக்கிட்டிருந்தப்போ யோஸ்ட் கெல்லர்னு ஒரு ஜெர்மன்காரக் கிழவர், பன்னி வளர்க்கறவர், அவர் ஒண்ணு சொன்னாரு. "கீழ ஒரு வரி சேத்துக்கலாமா? கருணை காட்டணும்னு கேட்டுக்கறோம்னு." சில ஜூரிங்க அப்படிச் சேக்கறது உண்டுதான். நான்தான் சொன்னேன், அது நம்ம வேலை இல்லை, நீதிபதிக்கு நாம பாடம் நடத்தற மாதிரி ஆயிரும், அவரே பார்த்துப்பாருன்னு. வெளியில மழை. உள்ள அடுப்பு புகை கக்குது, பன்னெண்டு பேரும் இருமிக்கிட்டு இருக்கோம், காலையிலேர்ந்து யாரும் சாப்பிடலை. சரின்னு எல்லாரும் தலையாட்டிட்டாங்க. யோஸ்ட்டும்தான் தலையாட்டினாரு. இப்போ என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கறாரு.

அஞ்சு வாரம் கெடு வெச்சாங்க. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, பகல் பன்னெண்டு மணி.

எனக்குச் சோறு இறங்கலை ஐயா. உண்மையாச் சொல்றேன். பட்டறையில உட்கார்ந்தா கை ஓடலை. ஒரு ஜோடி பூட்ஸுக்கு ஒரு உசிரா? இதுக்கா யுத்தம் நடத்தினோம்? மனு எழுதலாம்னு முடிவு பண்ணினேன். மாநில ஆட்சிக்குழு நினைச்சா தண்டனையை நிறுத்தலாம். என் மனைவி லிடியா நல்ல காகிதமா வாங்கிக் குடுத்தா. உட்கார்ந்தேன்.

மனுன்னா சும்மா இல்லை. படிக்கறவங்க பெரிய மனுஷங்க. குடியரசுன்னா என்ன, தண்டனைன்னா எதுக்கு, உசிரைக் குடுக்காத அரசாங்கத்துக்கு அதை எடுக்க என்ன உரிமை, எல்லாத்தையும் முறையாக் கட்டி நிறுத்தணும். சக்கரம் மாதிரிதான். நடுவுல இருக்கற குடம் சரியா இல்லைன்னா ஆரக்கால் எப்படி நிக்கும்? எழுதினேன், கிழிச்சேன், எழுதினேன். பன்னெண்டு நாள் ஆச்சு. லிடியா ஒரு நாள் எட்டிப் பார்த்துட்டு, "அவனை விட்டுருங்கன்னு கேட்டாப் போதாதா?"ன்னா. அவளுக்கு என்ன தெரியும். நாலு பக்கம் வந்துச்சு. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

அதை எடுத்துக்கிட்டு வீடு வீடா ஏறினேன். அப்பதான் எங்க ஊர் எனக்குத் தெரிஞ்சுது. போதகர்கிட்டப் போனா, ரத்தம் சிந்தினவன் ரத்தம் சிந்தப்படணும்னு வேதத்துல இருக்குங்கறாரு. ஐயா, இவன் ஒரு சொட்டு ரத்தம் சிந்தலையே, பூட்ஸைத்தானே எடுத்தான்னேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு. இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காரு. விடுதிக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? "தூக்கு அன்னிக்கு மூணு ஊர்க் கூட்டம் வரும், நான் இப்பவே பீர் பீப்பாய்க்குச் சொல்லி வெச்சுட்டேன், நீ இப்ப வந்து இதை நீட்டறியே"ன்னான். என் முகத்துக்கு நேரா சொல்றான்! இன்னொருத்தன், "குற்றவாளின்னு சொன்னது நீதானே, இப்ப வேண்டாம்ங்கறதும் நீதானா?"ன்னு கேட்டான். கேள்விக்குப் பதில் சொல்றது வேற, தண்டனை வேறன்னு அவனுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். கதவைச் சாத்திட்டான்.

மத்தவங்க சொன்னதுதான் எனக்குத் தாங்கலை. "நாங்கதான் டெபோராவோட காகிதத்துல போட்டுட்டோமே"ன்னாங்க.

டெபோரா யார்னல்னு ஒரு குவேக்கர் விதவை. அவங்க சபைக்காரங்களைத் தெரியுமில்ல? யாருக்கும் தொப்பி கழட்ட மாட்டாங்க, எல்லாரையும் நீ, வா, போன்னுதான் பேசுவாங்க. நீதிபதியையும் நீதான், ஷெரீப்பையும் நீதான். மரியாதைக் குறைவு இல்லையாம், கடவுள் முன்னால எல்லாரும் ஒண்ணாம். அந்த அம்மா தீர்ப்பு வந்த மறுநாளே ஒரு காகிதத்தைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பியிருக்காங்க. நாள் தவறாம ஜெயிலுக்குக் கஞ்சி வேற.

ஒரு நாள் என் பட்டறைக்கு வந்தாங்க. "ஜோயல் பென்ரோஸ், இதுல நீ கையெழுத்துப் போடணும்"ன்னாங்க. வாங்கிப் பார்த்தேன். மொத்தம் நாலே வரி. அதுலயும் 'கருணை'க்கு எழுத்து தப்பு. அது போகட்டும். மூணாவது வரி என்ன தெரியுமா? 'ஜூரியில் இருந்த நாங்கள் அன்றைக்கே கருணை கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தவறிவிட்டோம், இப்போது கேட்கிறோம்.' கீழே யோஸ்ட் கெல்லர் பேரு. அதுக்குக் கீழே வரிசையா மத்த பத்து பேரு. கேலப் மார்ஷே போட்டிருக்காரு, எனக்கு என் பூட்ஸ் வந்துருச்சு, அவன் உசிரு வேண்டாம்னு.

"தவறிவிட்டோம்னு நான் ஏன் எழுதிக் குடுக்கணும்?"னேன். "நாங்க சட்டப்படி நடந்தோம். தப்பு சட்டத்துல இருக்கு. அதைத்தான் என் மனுவுல எழுதியிருக்கேன், படிங்க."

அந்த அம்மா நின்னபடியே நாலு பக்கமும் படிச்சாங்க. மடிச்சுக் குடுத்துட்டு, "நல்லா எழுதியிருக்கே. ரெண்டுலயும் போடலாமே. ஒரு நிமிஷ வேலை"ன்னாங்க.

நீங்களே சொல்லுங்க, எப்படிப் போடறது? ஒண்ணுல சட்டம் தப்புங்கறேன், இன்னொண்ணுல நான் தப்புன்னு கையெழுத்துப் போட்டா, படிக்கறவன் என்ன நினைப்பான்? ஒண்ணை ஒண்ணு அடிச்சுராதா? இதைச் சொன்னேன். அந்த அம்மா வாக்குவாதம் பண்ணலை. அதுதான் எனக்கு எரிச்சல். சண்டை போட்டாலாவது பதில் சொல்லலாம். சும்மா பார்த்துட்டு, "காகிதம் வெள்ளிக்கிழமை வரைக்கும் என் வீட்டுல இருக்கும்"னுட்டுப் போயிட்டாங்க.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டற வேலை இருந்துச்சு.

ஏரனை ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஜெயில்னா எங்க ஊர்ல கோர்ட்டுக்குப் பின்னால ஒரு கல் அறை. ஷெரீப் நல்ல மனுஷன், உள்ள விட்டாரு. அவன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டான். "நீங்கதானே ஐயா அன்னிக்கு எழுந்து நின்னு சொன்னவர்?"ன்னான். ஆமாம்னேன். "நீங்க சொன்னது நிஜம்தானே ஐயா. நான் எடுத்தேன்தானே"ன்னான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

மனு எழுதியிருக்கேன்னு சொன்னேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டுங்கன்னான். நானும் முதல்லேர்ந்து படிச்சேன். ரோமாபுரி, பழைய கிரேக்கம், ராஜா, குடியரசு எல்லாம் வருது. அவன் தலையைச் சாய்ச்சு, கோயில்ல பிரசங்கம் கேக்கற மாதிரிக் கேட்டான். மூணு பக்கம் முடிஞ்சுது. "ரொம்ப நல்லா இருக்கு ஐயா. இதுல என் பேரு எங்க வருது?"ன்னான்.

நாலாம் பக்கத்துல வருதுப்பான்னேன்.

"வருதா. சரிங்க"ன்னான்.

அதை நான் மாத்தியிருக்கலாமோ என்னமோ. ஆனா ஒரு வாதம்னா அப்படித்தான் ஐயா. பொதுவுல தொடங்கி தனி ஆள்கிட்ட வரணும். கிளம்பறப்போ அவன் கையைப் பிடிச்சுச் சொன்னேன், நானே நகரத்துக்குப் போறேன், மன்னிப்பு உத்தரவை நானே கையில கொண்டு வந்து தர்றேன், தைரியமா இருன்னு. சரிங்க ஐயான்னான்.

கடைசி வாரம் திங்கட்கிழமை கிளம்பினேன். இதே ரோடுதான். மனுவுல இருபத்துமூணு கையெழுத்து. என் கையெழுத்து முதல்ல, 'ஜோயல் பென்ரோஸ், குடிமகன்'னு. ஆட்சிக்குழு ஆபீஸ்ல ஒரு நீள பெஞ்சு, சுத்தி ஒரு பதினஞ்சு பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒரு நாள் பூரா உட்கார வெச்சாங்க. மறுநாள் ஒரு குமாஸ்தா வந்தாரு. மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கு, பாவம். "ஆஷ்போர்டு வழக்கா? அதுல ஏற்கெனவே ஒரு மனு வந்திருக்கே"ன்னாரு.

"இது வேற"ன்னேன்.

"அதுல பறிகொடுத்தவரே போட்டிருக்காரு. ஜூரியில பதினொரு பேர் போட்டிருக்காங்க. தலைவர் மட்டும் போடலை."

"அதனால என்ன?"

"அதனாலதான் தண்டனை அப்படியே இருக்கு. பதினொரு பேர் கேக்கறாங்க, முன்னால நின்னு தீர்ப்புச் சொன்னவர் மட்டும் கேக்கலை. அந்தக் கைதிகிட்ட ஏதோ இருக்கு, தலைவருக்குத் தெரிஞ்சிருக்குன்னு உள்ள பேசிக்கிட்டாங்க. மாத்த வேண்டாம்னு நேத்து முடிவாயிருச்சு." மூக்கைத் துடைச்சுக்கிட்டு என் காகிதத்தைப் புரட்டினாரு. "புதுசா ஏதாவது இருந்தா இன்னிக்குச் சாயங்காலம் மறுபடி எடுத்துப்பாங்க. நீங்க இந்த வழக்குல யாரு?"

நான் குடிமகன்னேன்.

ஏன், பொய்யா? குடிமகன்தானே? ஒரு குடியரசுல ஒரு குடிமகன் வந்து நியாயம் கேட்டா அது போதாதா? யாரு, எவருன்னு பார்த்தாத்தான் காது கேக்குமா? நாலு பக்கம் எழுதியிருக்கேன். அதுல இருக்கறது சரியா தப்பான்னு பார்க்கணும். அதை விட்டுட்டு நீ யாரு, நீ யாருன்னா? அவர் தலையாட்டிட்டு உள்ள எடுத்துட்டுப் போனாரு. மறுநாள் காலையில திருப்பிக் குடுத்தாங்க. மேல ஓரத்துல ஒரு வரி: 'வாசிக்கப்பட்டது.'

அவ்வளவுதான். வாசிக்கப்பட்டது.

நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியுது. நான்தான் அந்தத் தலைவர்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு. லிடியாவும் அதைத்தான் கேட்டா, ஒரே ஒரு தடவை. அந்தப் பெஞ்சுல பதினஞ்சு பேர் உட்கார்ந்திருந்தாங்க ஐயா. எல்லாரும் எங்களையே பார்த்துட்டிருந்தாங்க. தலைவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு அந்தக் குமாஸ்தா சொல்லி முடிச்ச கையோட, நான்தான் அது, எனக்கு ஒண்ணும் தெரியாது, அன்னிக்கு அடுப்பு புகைஞ்சுதுன்னா சொல்றது? வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் அவர் உள்ள போயிட்டாரு. கதவு சாத்தியாச்சு.

போன வருஷம் சட்டத்தையே மாத்திட்டாங்க, தெரியுமில்ல? வழிப்பறிக்கு இப்போ தூக்கு கிடையாது. தலையை மொட்டை அடிச்சு, தெருவுல மண்ணு அள்ள விடறாங்க. ஏரன் செத்து பத்தே மாசத்துல. நான் எழுதினதைத்தானே இப்போ எல்லாரும் சொல்றாங்க? யாராவது ஒருத்தர் வந்து, ஜோயல், நீ அன்னிக்கே சொன்னேன்னு சொன்னாங்களா? இப்போ கொலைக்கும் தூக்கு வேண்டாம்னு எழுதியிருக்கேன், பையில இருக்கு, ஒன்பது பக்கம். ஊர்ல கையெழுத்துக்குப் போனா டெபோரா ஒருத்தங்கதான் போட்டாங்க. கேக்கறதுக்கு முன்னாலயே பேனாவை எடுத்தாங்க. ஒரு வார்த்தை குத்திக் காட்டினதில்லை.

தூக்கு அன்னிக்கா? நான் போகலை. தூக்கு கூடாதுங்கறவன் அதைப் போய்ப் பார்ப்பானா? டெபோரா போனாங்க. தூக்குமரத்துக்குக் கீழே நிறுத்தின வண்டிப் பக்கத்துலயே நின்னாங்களாம். திங்கட்கிழமை பட்டறைக்கு வந்து அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவனை வண்டி மேல ஏத்தி நிறுத்தினதும் ஷெரீப்பைக் கூப்பிட்டானாம். "பென்ரோஸ் ஐயா நகரத்துக்குப் போயிருக்காரு. நானே கையில கொண்டு வந்து தர்றேன்னு சொன்னாரு. கொஞ்சம் பார்க்கலாமா?"ன்னானாம். ஷெரீப்தான் ஈர மனசுக்காரராச்சே. பன்னெண்டு மணிக்குச் செய்ய வேண்டியதை நிறுத்தி வெச்சுட்டாரு. விடுதிக்காரன் கூட்டமெல்லாம் கத்துச்சாம், முணுமுணுத்துச்சாம். அவன் ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்னானாம். மலை இறக்கத்துல ஒரு குதிரை தெரிஞ்சா, "அவர்தான்"னு டெபோராகிட்டச் சொல்வானாம். மூணு தடவை சொன்னானாம். ஒண்ணு தபால்காரன். ஒண்ணு வேடிக்கை பார்க்க வந்த யாரோ புருஷன் பொண்டாட்டி. இன்னொண்ணு யாருன்னு அவங்களுக்கும் தெரியலை. ஒரு மணி வரைக்கும் பார்த்தாங்க.

நான் வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துட்டேன் ஐயா. கிடைக்கலைன்னு போய்ச் சொல்லணும்னுதான் இருந்தேன். வழியில சந்தைத் திடல்ல கூடாரம் அடிச்சுக்கிட்டிருந்தாங்க, அதைத் தாண்டிப் போக மனசு வரலை, கொல்லைப் பக்கமா வீட்டுக்குள்ள போயிட்டேன். நான் வந்தது லிடியாவைத் தவிர யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை ஜன்னலெல்லாம் சாத்திக்கிட்டு அடுப்படியில உட்கார்ந்திருந்தேன். மணி பன்னெண்டு அடிச்சுது. முடிஞ்சிருக்கும்னு நினைச்சேன். முடியலை. கூட்டத்தோட இரைச்சல் வர்றதும் அடங்கறதுமா இருக்கு. ஒரு உசிரை எடுக்கறதுக்கு இவ்வளவு நேரமா, என்னத்தைப் பண்ணிக்கிட்டு இருக்கானுங்க, சீக்கிரம் முடிச்சுத் தொலைக்கக் கூடாதான்னு நான் லிடியாகிட்ட எரிஞ்சு விழுந்தேன்.